ஒரு லோடு சவுடு

தண்ணீர் வடிந்த மறுமாதம்
வாசலை ஒன்றரை அடி தூக்கிவிடலாம் என்று
தசரதன் ஒரு லோடு சவுடு சொன்னார்.
மூவாயிரத்து ஐநூறு. இறக்குக் கூலி தனி.
எங்கே வெட்டிய மண்ணென்று நான் கேட்கவில்லை.
அதில் ஒரு குழந்தைச் செருப்பு இருந்தது,
உடைந்த டைல்ஸ், பாதிச் சீப்பு,
கண்ணுக்குத் தெரியாமல்
இன்னும் என்னென்னவோ.

எர்ணாவூரில் முதல் தூறல் விழுந்த வாரம்
கொத்தமல்லி மாதிரி ஏதோ முளைத்தது.
குடிதண்ணீர்க் குடத்தில் மிச்சமிருந்ததை
அதற்கு ஊற்றினேன்.
இந்த வெட்கத்தை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் வாரம் இடுப்பு உயரம்.
நொய் இறைத்த மாதிரிப் பூ.
பார்த்தீனியம்.
முழங்கை தடித்தது, கழுத்து தடித்தது,
ரேஷன் கடையைத் திறக்க விரல் வைத்தால்
மிஷின் என்னை
நான் இல்லை என்றது.

துறைமுகத்திலிருந்து கையுறை வந்தது.
இரண்டும் இடக்கை.
ஒன்றைத் திருப்பி வலக்கையில் மாட்டினேன்;
உள்ளங்கை ரப்பர் புறங்கைக்குப் போனது.
அப்படியே பிடுங்கினேன்.

பக்கத்து வீட்டு பியூலா
மதிலுக்கு அந்தப் பக்கம்
தண்டவாளத்தில் வீசினாள்.
"ஒயிஞ்சிது சனியன்."
போகிற கூட்ஸ் ஒவ்வொன்றும்
அதைக் காற்றில் கிளப்பி
இரண்டு வீட்டுக்கும்
சமமாகப் பங்கு வைத்தது.

யாரோ உப்பு என்றார்கள்.
லிட்டருக்கு இருநூறு கிராம் கல்லுப்பு,
ஒரு மூடி சோப்பு எண்ணெய்.
மூன்றாம் நாள் எல்லாம் கருகின:
பார்த்தீனியம்,
அதன் நிழலில் நின்ற கறிவேப்பிலைக் கன்று,
மதிலோரம் பியூலாவின் கனகாம்பரம்
(இரண்டு வாரம் பேசவில்லை).
கோரை மட்டும்
ஊசி ஊசியாய் நிமிர்ந்து நின்று
வேற இன்னா வச்சிருக்க, என்றது.

தோண்டினேன்.
ஒரு கிழங்கு, ஒரு நூல், இன்னொரு கிழங்கு, நூல்.
வட்டிக்கு வாங்கிய கடன்போல
அறுத்த இடத்தில் இரண்டாகிறது.
கடற்கரை வரைக்கும் போகும்போல இருந்தது.
மண்வெட்டியைச் சாத்திவிட்டு
டீ போடப் போனேன்.

வேளாண் துறைத் துண்டறிக்கையில்
'ஆக்கிரமிப்புத் தாவரம்' என்று போட்டிருந்தது.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
கால்வாய் ஓரத்துப் பழைய வீட்டில்
பசை காயாமல் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸில்
அது நாங்கள்.
இருபத்தொரு நாள் கெடு கொடுத்தார்கள்.
நான் இதற்குக் கொடுப்பது பத்து நிமிஷம்.

இப்படிச் சொன்னால்
செடிமேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டதென்று நினைப்பீர்கள்.
வரவில்லை.
எனக்கு அரிக்கிறது.

இப்போது மழை விட்ட அரைமணிக்குள் இறங்கிவிடுவேன்.
மண் நெகிழ்ந்திருக்கும், வேர் முழுசாக வரும்.
பூக்க விடுவதில்லை.
கறுப்புப் பையில் கட்டி மாடி வெயிலில் போட்டால்
பத்து நாளில் அழுகிக் கூழாகிறது.
மணலிப் புகையோடு அந்த வாடையும் சேர்ந்து
விருந்தாளி வருவது குறைந்திருக்கிறது.
வெறும் மண்ணை விட்டுவைப்பதில்லை, ஆவாரை தூவியிருக்கிறேன்.
இடக்கையாலும் பிடுங்க வருகிறது.
பியூலா தன் பையை
என் மாடியில்தான் வைக்கிறாள்,
கேட்காமல்.

நேற்று கோடி வீட்டுக்கு ஒரு லோடு வந்து நின்றது.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
"எந்த ஊர் மண்ணுண்ணா?"
டிரைவர் இறங்காமலே சிரித்தார்.
"இன்னாக்கா, மண்ணுக்கு ஆதார் கேப்ப போல கீதே?"

பின்கதவு திறந்து, மண் சரிந்தது.
பார்த்தால் தெரியாது என்று தெரியும்.
ஆனாலும் ஒரு கைப்பிடி அள்ளி
வெயிலில் விரித்துப் பிடித்தேன்.