முப்பத்து மூன்று டிகிரி

மார்கழி பத்தொன்பது.
வெடியால நாலரைக்குக் கம்பெனி வண்டி வந்து
நாலாயிரத்து எண்ணூறு குஞ்சை இறக்கியது.
"நீங்களே கையெழுத்துப் போடுங்கக்கா" என்றான் டிரைவர்.
விரல் மரத்திருந்தது.
மோகனசுந்தரம் சம்சாரம் என்று எழுதப் போய்
பேனாவைத் தூக்கி
தெய்வாத்தாள் என்று போட்டேன்.

அவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்
தொடையில் கம்பி வைத்துப் படுத்து
முப்பத்தொன்பது நாள்.
தாராபுரம் ரோட்டில்
மொபட் ஒரு பக்கம், தீவன மூட்டை ஒரு பக்கம்,
அவர் எந்தப் பக்கம் என்று
டார்ச் அடித்துத் தேடினார்களாம்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்.
இந்த வருசப் பனி தைக்குக் காத்திருக்கவில்லை.
ஓட்டைத் துளைத்தது, போர்வையைத் துளைத்தது,
வட்டலில் போட்ட சோறு
வாய்க்கு வருமுன் விறைத்தது.
பல்லடத்துக்குத் தெற்கே இத்தனை குளிரா என்று
டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.
பேசக் கடைக்குப் போகிறவர்களுக்கு
அது செய்தி.

முதல் வாரம் முப்பத்து மூன்று டிகிரி வேண்டும்.
தகடு வளையத்துக்குள் பல்பு, கரியடுப்பு,
சுற்றிலும் படுதா.
எங்கள் வீட்டில் எந்த அறைக்கும்
இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.
மூன்றாம் நாளே தாரணி
பத்தாங்கிளாஸ் புத்தகத்தையும் பாயையும் தூக்கிக்கொண்டு
ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.
"அங்க எழுத்தே நடுங்குதும்மா."

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒறம்பரை
ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்திருந்தார்கள்.
மொத்தம் பதினொன்று.
கடன் கேட்டிருந்தேன்; ஹார்லிக்ஸ் வந்தது.
கரியடுப்பின் ஓரத்தில் சுடவைத்து
நானும் அவளும் குடித்தோம்,
கோழி வாடையோடு.

குஞ்சு பேசாது.
படுத்திருக்கும் தினுசைத்தான் படிக்க வேண்டும்.
சூடு கூடினால் தகட்டோரம் ஒதுங்கி வாய் பிளக்கும்.
சரியாக இருந்தால்
சிந்திய சோளம் மாதிரி சிதறிக் கிடக்கும்.
குளிர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.
குளிரில் சாவதைவிட
சூட்டுக்காக நெருக்கி மூச்சு முட்டிச் சாவதுதான் அதிகம்.

வந்த அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது.
கரி பிடிக்கவில்லை. தீப்பெட்டி நமுத்திருந்தது.
நானும் மண்டியிட்டு ஊதினேன்,
கண்ணெல்லாம் சாம்பல்.
விடிந்து எண்ணினால் அறுபத்தொன்று.
தென்னைக்கடியில் குழி தோண்டிவிட்டு
சார்ட்டில் எழுதினேன். ஆறு. ஒன்று.

போனில் கேட்டார்: "எத்தன போச்சு?"
"ஒம்பது."
"பரவால்ல."
"வலி எப்படீங்க?"
"கொஞ்சந்தான்."
நான் அறுபத்தொன்றை ஒன்பதாக்கினேன்.
அவர் எதை எவ்வளவாக்கினாரோ.

மார்கழி இருபத்தேழு பொழுதோட
ஆம்னி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.
வீட்டுக்குள் படுக்கவைத்த அரை மணி நேரத்தில்
"கம்பிக்குள்ள பனி ஏறுது" என்றார்.
பல்லைக் கடித்துச் சொன்னார்.
கயிற்றுக்கட்டிலைத் தூக்கி
தகடு வளையத்துக்குப் பக்கத்தில் போட்டோம்,
தாரணி ஒரு பக்கம், ஆம்னி டிரைவர் ஒரு பக்கம்.

கரியைப் பார்த்தார். வெப்பமானியைப் பார்த்தார்.
சிதறிக் கிடந்த குஞ்சுகளை
வெகுநேரம் பார்த்தார்.
சார்ட்டை எடுக்கச் சொன்னார்.
முதல் வரியில் விரல் நின்றது.
என்னைப் பார்த்தார்.
நான் அடுப்பைக் கிளறினேன்.
ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

காற்று வந்து வடக்குப் படுதாவை அறைந்தது.
"யாரு கட்டுனது அத?
இப்பிடியா முடிச்சுப் போடறது?"

எழுந்து போனேன்.
அவிழ்த்தேன்.
அதே முடிச்சை
அதே கம்பத்தில் மறுபடி போட்டேன்.

"ம். இப்பச் சரி"
என்று கண்ணை மூடினார்.