பட்டா மாறுதல்

செங்கோடன் கூப்பிட்டபோது மணி மூன்று நாற்பது.
"ஏனுங்க, பாயிண்டு ரேட்டு போடலீங்களா?
பக்கம் வெள்ளையா நிக்குதுங்க.
ஆளுங்க வண்டியேறியாச்சு,
கெழங்கு பிடுங்கறதா வேண்டாமா?"

அஸ்தம்பட்டியில் மாடியறை.
மேசைக்கடியில் சர்வர்,
கல்யாண மண்டபம் ஒன்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்.
மூடியில் இன்னும் ஆயுதபூஜைச் சந்தனம்.
மரவள்ளி விலை ஏழு வருஷமாய் இதற்குள்தான் குடியிருக்கிறது.
யார் மேகத்திலும் வாடகைக்கு இல்லை
என்று நான் பீற்றிக்கொண்ட சொந்த வீடு.

தானாகப் புதுப்பித்துக்கொள் என்ற கட்டத்தில்
ஒரு டிக் அடித்துவிட்டுத் தூங்கப்போனவள் நான்.
தானாக என்பதை நம்புகிறவர்கள்
இந்த ஊரில் நிறைய.
சாக்கடை தானாக வடியும்,
கரண்ட் தானாக வரும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
தினம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே வரி.
அனுமதி மறுக்கப்பட்டது.
அனுமதி மறுக்கப்பட்டது.
எண்பத்து மூன்று ராத்திரி
புது மென்பொருளை மூட்டையாய்ச் சுமந்து வந்து
கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு
சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது.
நேற்று மட்டும்,
சாயங்காலம் நான் கைவைத்த ஒரு கோப்புறை திறந்து கிடக்க,
பாதி மூட்டை உள்ளே, பாதி வெளியே.
புதுக் கை பழைய சட்டையில் மாட்டிக்கொண்ட மாதிரி
நின்றுவிட்டது பக்கம்.

முதலில் நகல்.
பட்டுத் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான்.
ஏழு வருஷ விலையும் பென் டிரைவில் ஏறும்வரை
ஜன்னலில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏற்காட்டிலிருந்து ஒரு லாரி
ஒவ்வொரு வளைவாய் இறங்கியது,
அணைந்து, எரிந்து, அணைந்து.

பிறகு கோப்புகளை வரிசையாய் நிற்கவைத்து
உரிமையாளர் யார் என்று கேட்டேன்.
சேவியர்.
சேவியர்.
சேவியர்.

ஆலைக்காரர் ஒருவரின் விளம்பரம் போடலாமா கூடாதா என்பதில்
வார்த்தை தடித்து
ஒண்டிக்கடைப் பக்கம் வீட்டோடு போய்விட்டவன்.
போகிற அன்றைக்கு
எல்லாவற்றையும் புது டிஸ்கில் ஏற்றிவைத்துவிட்டுத்தான் போனான்,
உபகாரமாய்.
அவன் கையால் ஏற்றியதால் எல்லாம் அவன் பேரில்.
தன் வீட்டுப் பூட்டைத் தொட
வீட்டுக்கே உரிமையில்லை.

தாலுகா ஆபீசில் பட்டா மாற்ற
எங்கள் அப்பா பதினோரு நடை நடந்தார்.
இங்கே ஒரே வரி.
என்டர் மேல் விரல் கொஞ்சம் நேரம் நின்றது.
என் பேருக்கு மாற்றவில்லை,
பக்கத்தை எடுத்து ஊருக்குப் பரிமாறுகிற,
முகமில்லாத அந்தக் கணக்கின் பேருக்கு மாற்றினேன்.
பாதி மூட்டையைத் துடைத்தெறிந்து
மறுபடி இழுத்தேன்.
முப்பது சதம். முப்பது சதம். முப்பது சதம்.
கொசு ஒன்று திரையில் உட்கார்ந்தது.
நூறு.

ராத்திரி வந்த சீட்டைப் பார்த்து விலை அடித்தேன்,
முந்தாநாளைவிட எட்டு ரூபாய் கம்மி.
செங்கோடன் பார்த்துவிட்டு
"அப்ப இன்னைக்குப் பிடுங்கலீங்க" என்று வைத்துவிட்டார்.
வண்டியேறிய ஆட்கள் இறங்கியிருப்பார்கள்,
யாரையோ திட்டிக்கொண்டு.

இன்னும் ஒன்று பாக்கி.
தோற்றுப்போனால் கடிதம் போடவேண்டிய முகவரி:
அதுவும் சேவியர்தான்.

ஐந்து மணிக்குக் கேட்டேன், கடிதம் வந்ததா என்று.
உடனே பதில் வந்தது. அவனும் தூங்கவில்லை போல.
"எண்பத்தி மூணு வந்துச்சு. ஒண்ணுகூட அழிக்கல.
நீயா கூப்பிடுவேன்னு இருந்தேன்."

கெட்ட வார்த்தை ஒன்று அடித்தேன், அழித்தேன்.
முகவரிப் பெட்டியில் அவனை நீக்கப் போய்
ஒரு கமா போட்டு
என்னையும் சேர்த்தேன்.

இன்று ராத்திரி இரண்டு மணிவரை
விழித்திருக்க வேண்டும்,
தானாக நடக்கிறதா என்று பார்க்க.