மேல் பலகை

கை கொடுக்க மாட்டேன் என்றான் வெய்க்கா,
வந்த முதல் நாளே.
சமையலறை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு
கைகளை மார்பில் கட்டிக்கொண்டு
எழுந்திருங்கள் என்றான்.
கட்டச் சொன்னது என் கைகளை.
அவனும்தான் கட்டிக்கொண்டு நின்றான்.

எழ முடியவில்லை.
இடுப்புக்குள் புது உலோகம்.
நவம்பரின் முதல் பனிக்கட்டியில்
குப்பைப் பையோடு விழுந்ததற்கு
ஆஸ்பத்திரி வைத்து அனுப்பிய சீர்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?"
அவனுடைய படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது.
கடைக்குப் போகணும், பேத்தி கல்யாணத்தில் நிற்கணும்,
மற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.
வியாழக்கிழமை ஆறு மணி, பெண்கள் முறை,
எங்கள் அடுக்ககத்தின் நிலவறைச் சவுனா,
மேல் பலகை என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.
அங்கேதான் அவனைப் பிடித்துப்போனது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
சவுனாவில் மூன்று பலகை, படிபோல.
ஆவி மேலேதான் போகும்.
கீழ்ப் பலகை குழந்தைகளுக்கும்
நனைந்த துண்டுகளுக்கும்.
கிறிஸ்துமஸ் தாண்டி வாரக்கணக்காய்
அங்கேதான் உட்கார்ந்தேன்.
கல்லில் தண்ணீர் ஊற்றும் முன்
மேலிருந்து ஒர்வொக்கி கேட்பாள்:
"லெம்பி, சூடு போதுமா?"
போதும் என்பேன்,
விறைத்த பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி.

முப்பத்தொரு வருடம் ஈசல்மியில் பஸ் ஓட்டியவள் நான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையைத் தவிர
எதுவும் தெரியாத காலைகளில்
ஐம்பது பேரை நிறுத்திய கால் இது.
இப்போது ஒரு மஞ்சள் ரப்பர் பட்டையோடு
மல்லுக்கட்டுகிறது.

காபி வடிகிற நேரத்தில் குதிகால் மேலே, கீழே.
மேல் பலகைதான் வேண்டும் என்று
ஒற்றைக் காலில் நின்றேன்,
நிஜமாகவே,
பல் தேய்க்கும்போது, வாஷ்பேசின் ஓரத்தில் ஒரு விரல் வைத்து,
ஏழு விநாடி.

ஐந்து முறை எழுந்து உட்கார
ஜனவரியில் இருபத்துநான்கு விநாடி.
பிறகு பத்தொன்பது.
பிப்ரவரியில் காய்ச்சல். எட்டு நாள் படுக்கை.
மறுபடி இருபத்தேழு.
அன்று அவனை வைதேன்.
ஓவ்லுவிலிருந்து மகன் அனுப்பிய
முதியோர் இல்லத்து வழவழ விளம்பரத்தாளை
மேசையில் அடித்து,
இதில் போய் உட்கார எத்தனை விநாடி, சொல் என்றேன்.
வெய்க்கா கடிகாரத்தைப் பையில் போட்டான்.
"இன்று எண்ண வேண்டாம். வாசல் வரை போய் வருவோம்."
கோட் மாட்டும்போது
வலிக்கும் தோளைத்தான் முதலில் நுழைத்தான்.
ஐம்பது தாண்டிய பையன்.
எத்தனை பேருக்குக் கை கொடுத்த தோளோ,
நான் கேட்கவில்லை.

பட்டை சிவப்பானது. பிறகு பச்சை.
மாடிப்படியில் பாடம்:
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது கெட்ட கால் முதலில்.
சொந்தக் காலில் நிற்பது என்கிறார்கள்.
என் கால்களில்
ஒன்று எண்பத்தொரு வருடச் சொந்தம்.
மற்றதன் மேல்முனைக்கு நாலு மாதம்தான் ஆகிறது,
இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச்சில் ஒரு வியாழன்.
கைப்பிடியைத் தொட்டதோடு சரி
என்று பொய் சொல்ல மாட்டேன்,
இறுக்கிப் பிடித்தேன்.
முதல் பலகை. நல்ல கால்.
இரண்டாவது. கொஞ்சம் மூச்சு.
முதல் மாடிப் பெண் பதறி எழுந்து வந்தாள்.
கை கொடுக்காதே என்றேன்.
குரல் வெய்க்காவுடையது.

ஒர்வொக்கி ஒன்றும் சொல்லவில்லை.
தன் துண்டை ஒரு சாண் நகர்த்தினாள்,
அகப்பையை என்னிடம் நீட்டினாள்.
கல் சீறியது.
நவம்பரிலிருந்து எனக்குக் காது மடல் என்று
ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறேன்.
சுட்டது.
"சூடு போதுமா?" என்று அவளைக் கேட்டேன்.

இனி இறங்க வேண்டும்.
கெட்ட கால் முதலில்.
அவசரமில்லை,
ஏழு மணி வரை பெண்கள் முறை.