பழைய எண் 14, புதிய எண் 31

என் கடை ஆறடிக்கு எட்டடி.
ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி,
கால் ஆடும் ஸ்டூல் ஒன்று.
அரசாங்கக் காகிதங்களின்படி
இங்கே நாற்பத்தொரு பேர் குடியிருக்கிறோம்.

தொடங்கி வைத்தவள் ஜெபமலர்.
மண்டை உடைந்து வால்டாக்ஸ் சாலையோரம் கிடந்த பெரியவரை
ஜி.எச்.சில் போட்டுவிட்டு
நேராக இங்கே வந்து நின்றாள்.
சுடிதார் கையில் காய்ந்த ரத்தம்.
"அண்ணே, நிரந்தர முகவரின்னு ஒரு கட்டம் இருக்கு.
காலியா விட்டா காப்பீட்டுக் கவுண்டர்ல வாங்க மாட்றாங்க."

அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.
"பதினெட்டு வருஷமா உங்க கடைக்கு எதிர்லதான்."

நான் கடை போட்டுப் பதினோரு வருஷம்.
கணக்குப் பார்த்தால்
நான்தான் அவர் முகவரியில் குடிவந்தவன்.
எழுதிக்கம்மா என்றேன்.

ஒருவருக்குத்தான் சொன்னேன்.
அவள் எழுதிக்கொண்டே போனாள்.
மீன்பாடி வண்டி டில்லி.
மூட்டை தூக்கும் வேலம்மா, அவள் பிள்ளைகள் மூன்று.
சென்ட்ரலில் இறங்கி, வந்த ஊர் மறந்துபோய்
எதைக் கேட்டாலும் "சோனா" என்று மட்டும் சொல்லும் பெண்.
(அதையே பெயராகப் போட்டாள்.
தந்தை பெயர் என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள்,
பிறகு என் பெயரை எழுதினாள்.
என்னைக் கேட்கவில்லை.)

நல்லவள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
கத்துவாள்.
பாக்கி மூவாயிரத்து நானூற்றுப் பதினாறு.
மாதக் கடைசியில் நூறு கொடுப்பாள்,
மறுநாள் ஆட்டோவுக்கென்று அதே நூறைக் கடன் கேட்பாள்.
ஒருமுறை இன்ஸ்பெக்டரை "யோவ்" என்றதற்கு
சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு
அங்கேயே ஒரு மனு எழுதி
பிரதி எடுக்க அனுப்பினாள்.
கடன்தான்.

சரிபார்க்க ஒரு அதிகாரி வந்தார்.
கடையைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார்.
மறுபடி கடையைப் பார்த்தார்.
"இதுக்குள்ள எப்படிய்யா நாப்பத்தொரு பேர்?"
ஷிப்டு முறையில் தூங்குவோம் சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எதிர்ப்பக்க நடைபாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
வரிசையாக நாற்பத்தொரு டிக் போட்டார்,
ஒரு டீயும் குடிக்காமல் போனார்.

பிறகு ஒரு ராத்திரி லாரிகள் வந்தன.
சட்டி, பாய், நாய்க்குட்டி,
அடுப்பில் பாதி வெந்த சோறு,
எல்லாம் பெரும்பாக்கத்துக்கு.
லாரி வெளிச்சத்துக்குப் பின்னால்
ஸ்கூட்டியில் அவள்.
முன்னால் கால் வைக்கும் இடத்தில்
அவர்களுடைய காகிதங்கள் அடங்கிய சாக்கு.

இப்போது அவர்களுக்கு
பிளாக் உண்டு, மாடி உண்டு, கதவு எண் உண்டு.
தபால் மட்டும் இன்னும் என்னிடம் வருகிறது.
முகவரி மாற்ற
பழைய முகவரிக்குச் சான்று வேண்டுமாம்.

சனிக்கிழமைதோறும் வந்து பொறுக்கிக்கொண்டு போவாள்.
நேற்று வந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்,
பழுப்பு உறை.
முனிரத்தினம், பழைய எண் 14, புதிய எண் 31.
அந்தப் பெரியவர்தான்.
வேலம்மா குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு
ஏழாம் மாடிக்குப் போனவர்.
லிஃப்ட் ஓடாத ஒரு தை மாதத்தில்
நான்கு பேர் படி படியாக இறக்கினார்கள்.
பிரதிகள் நான்தான் எடுத்தேன்,
இறப்புச் சான்று, ஆறு.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:
உதவித்தொகை விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது,
மனுதாரர் உயிருடன் இருப்பதை
நேரில் வந்து உறுதி செய்யவும்.

நின்றபடியே படித்தாள்.
கத்துவாள் என்று காத்திருந்தேன்.
வெளியே பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.
"ஒரு காப்பி போடுங்கண்ணே."
எதுக்கு?
"போடுங்க."

கண்ணாடிக்கு அடியில்
பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து
மறுமுனைக்கு நடந்தது.
சூடாக எடுத்துக் கொடுத்தேன்.
மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
சோனாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று போனாள்.

நோட்டைத் திறந்து எழுதினேன்:
முனிரத்தினம், ஒன்று,
ரூபாய் இரண்டு.
பாக்கி.