இரண்டு ஏழு

ஈசூன், ஒன்பதாம் மாடி.
இரும்புக் கதவைத் திறக்காமலே
"எவ்வளவு நேரமாகும்?" என்றார் மரியதாஸ்.
இருபது நிமிடம். முடிந்ததும் பத்து வெள்ளிப் பற்றுச்சீட்டு.
நான் செருப்பைக் கழற்றுவதற்குள்
நாற்காலியிலிருந்த துவைத்த துணிகளை
அள்ளிக் கட்டிலில் போட்டிருந்தார்.

சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் கிடையாது
என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.
சொன்னேன்.
"சரி. மத்தவங்க என்ன சொன்னாங்க?"

கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் நடைப்பயிற்சி?
"ஏழும்."
மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம்.
மாலை ஆறு மணி, முந்நூற்றுப் பன்னிரண்டு.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.
ஏழு என்று தட்டினேன்.

பயிற்சி வகுப்பில் ஹுவீ ஷான் சொல்லியிருந்தாள்:
மறப்பார்கள்,
மறந்ததை ஐந்தின் மடங்கில் நிரப்புவார்கள்,
முன்பின் தெரியாத உனக்கும்
நல்லவராகத் தெரிய ஆசைப்படுவார்கள்.
நாலாம் மாடியில்
"எப்பவும் தமிழ்தான் பேசுவோம்" என்ற அம்மாள்
அதே மூச்சில் மகனை ஆங்கிலத்தில் அதட்டினாள்.

அடுத்து முட்டிவலி. பத்துக்கு எவ்வளவு?
இதற்கு மட்டும் உடனே சொல்லவில்லை.
கண்ணை மூடி,
காலை நீட்டி, மடக்கி,
உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பவர் போல இருந்தார்.
"ஆறு... இல்ல, மழைன்னா ஏழு.
ஏழுன்னே போடும்மா."
எக்ஸ்ரேயில் தேய்மானம் விழும். வலி விழாது.
அதை அவர் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும்.
வாங்கினேன்.

ஒரே படிவத்தில் இரண்டு ஏழு,
ஒரே எழுத்து, ஒரே அளவு.
இரண்டாவது ஏழு இருக்கும்போது
முதல் ஏழு எப்படி நடந்திருக்கும்?
அதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

அப்புறம் இருபத்து மூன்றாம் கேள்வி:
கடந்த இரண்டு வாரத்தில்
எத்தனை நாள் தனிமையாக உணர்ந்தீர்கள்?
அவர் மைலோ கலக்க எழுந்து போயிருந்தார்.
சமையலறையில் இரண்டாவது கோப்பையைத் தேடும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.
திரும்பி வந்தபின் நான் கேட்கவில்லை.
ஐந்து என்று நானே தட்டியிருந்தேன்.

கீழே இறங்கும் மின்தூக்கியில்
என் பங்குக்கு ஒரு கேள்வி மிச்சம்:
எல்லாக் கேள்விகளையும் உள்ளபடியே வாசித்தீர்களா?

ஆம்.