இருநூறு அடி

சுண்டுவிரல் நகத்தின் அகலம்.
இருநூறு அடி நீளம்.
தொண்ணூறு நிமிடப் பேய்ப்படத்தை
வெட்டி வெட்டி எட்டு நிமிடமாக்கி
அட்டைப்பெட்டியில் அடைத்து
சீமைப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு
எழுபதுகளில் விற்றார்கள்.
அந்தப் பிள்ளைகள் கிழவராகிப் பரண் ஒதுக்கும்போது
அவை எனக்கு வருகின்றன,
திருகோணமலைத் தபாற்கந்தோருக்கு.

முதல் பெட்டியைச் சுங்கத்துப் பெடியன்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"நீலப்படமோ ஐயா?"
"இல்லைத் தம்பி. பேய்."
முத்திரை குத்தும்போது
அவன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

இப்போது முப்பத்தொரு பெட்டி.
சீனக்குடா மா ஆலையில் மூட்டை நிறுப்பவனுக்கு
இது கொஞ்சம் கூடத்தான்.
இந்த ஊர்க் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது.
பால்மா டின்னில் வறுத்த அரிசி போட்டு
அதன்மேல் சுருள்களை வைக்கிறேன்.
அப்படியும் சில புளித்துவிட்டன,
மூடியைத் திறந்தால் வினாகிரி,
ஊறுகாய் போட்ட பிரேதம்.
நிறங்களில் சிவப்பு மட்டும் தப்பியது.
புல் சிவப்பு. நிலா சிவப்பு.
இரத்தம்தான் இளைத்து ரோஸ் ஆகிவிட்டது.

புரஜெக்டரின் பட்டி இற்றுப்போனதால்
தையல் மெசின் பட்டியை அறுத்து மாட்டினேன்.
அன்றிலிருந்து பேய்க்கு அவசரம்.
ஏழு நிமிடம் இருபது விநாடியில்
எல்லாரையும் கொன்று முடிக்கிறது.

வெட்டியவர்களுக்கு வேலை தெரியும்.
மருத்துவர் ஊருக்கு வந்து சேர்வதில்லை,
வந்தே இருக்கிறார்.
ஒருத்தி சாளரத்தைத் திறக்கிறாள்,
அடுத்த கணம் அவளுக்குச் சவப்பெட்டி.
இடையில் அவள் என்ன சாப்பிட்டாள்,
எந்தப் பக்கம் படுத்தாள்,
அதெல்லாம் எங்கோ ஒரு தரையில்
கூட்டி அள்ளப்பட்டது.

மேரிஸ்டெல்லா இவற்றைப் பார்ப்பதில்லை.
ஆஸ்பத்திரி இரவு வேலைக்குப் புறப்படும்போது
"ஒண்டரை மணித்தியாலப் பயத்தை
எட்டு நிமிசத்தில முடிச்சிருக்கிறாங்கள்.
நல்ல மனிசர்" என்பாள்.

நேற்று அவளுக்கு லீவு. மழை.
டச்பே பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது.
தலை துவட்டியபடி வந்து
கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.
சுவரில் கட்டிய வேட்டியில்
ஒரு மாளிகை வாசல், குதிரைவண்டி.
லாந்தருடன் ஒரு காவலாள்
படலையைத் திறந்தான்,
வண்டியை உள்ளே விட்டான்,
ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பினான்.
நாலு விநாடி.
பிறகு வழமைபோல எல்லாரும் செத்தார்கள்.

வேட்டியில் வெறும் வெள்ளை.
படச்சுருளின் வால் டிக் டிக்கென்று அடித்தது.
"லாந்தர் வைச்சிருந்தவன் எங்க?"
"ஆர்?"
"படலை திறந்தவன். செத்தவங்களுக்குள்ளயும் இல்லை."
"முழுப்படத்தில இருப்பான். சுருக்கேக்க போயிருப்பான்."
"சுருக்கினது ஆர்?"

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
கொம்பனியின் பெயர் இருந்தது.
ஆளின் பெயர் இல்லை.

அவளுடைய தம்பி எமிலியானுக்கு
ஆணைக்குழுப் படிவத்தில் ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள்.
மூதூர் வள்ளம். தொண்ணூறாம் ஆண்டு. நீலச் சேட்டு.
நாலாவது வரியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதென்று
அன்றைக்கு அவள் வெட்கப்பட்டாள்.

விசையைப் பின்னுக்குத் தள்ளினேன்.
செத்தவர்கள் எழும்பினார்கள்.
ரோஸ் இரத்தம் கழுத்துகளுக்குள் திரும்பிப் போனது.
சவப்பெட்டியிலிருந்து சாளரத்துக்கு வந்து
ஒருத்தி அதைச் சாத்தினாள்.
லாந்தர் வந்தது.
அவன் முகத்தைத் திருப்பினான்.

"நிப்பாட்டுங்கோ."

ஓடாத படத்தைப் பல்பின் சூடு தின்னும்.
அது அவளுக்குத் தெரியாது.
நிப்பாட்டினேன்.

லாந்தரின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி
விரியத் தொடங்கியது.
அவள் வேட்டிக்குக் கிட்டப் போய்
அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.