இருபத்தேழு டிகிரி

ஔலுவில் இன்று மைனஸ் இருபத்திரண்டு.
சிர்க்காவின் திரைக்குள்
எப்போதும் இருபத்தேழு டிகிரி.
எண்ணை மாற்றாதவரை அங்கே பருவமில்லை.

அங்கே டிரான்சிஸ்டர்களெல்லாம்
ஒரே அச்சில் வார்த்தவை.
முந்தாநாள் ஒரு மின்தடையை மறந்துவிட்டாள்;
தொண்ணூறு ஆம்பியர் பாய்ந்தது ஒன்றின் வழியே.
புகையவில்லை. கருகல் வாடையில்லை.
வரைகோடு மட்டும் அலுங்காமல் மேலேறிற்று.

சைன் அலை பூஜ்யத்தைத் தாண்டுமிடத்தில்
வாசற்படியில் கால் தட்டினாற்போல்
ஒரு சிறு இடறல்.
பயாஸைக் கூட்டினாள், மறைந்தது.
உருக்குலைவு 0.004 சதவீதம்.
நம்பவில்லை அவள்.

சனிக்கிழமை சால்டரிங் முடிந்தது.
சௌனா முன்னறையில் கழற்றிய
நூறு வாட் குண்டு பல்பைத்
தொடரில் மாட்டினாள்.
துண்டோடு இருட்டில் நின்று
யோர்மா ஏதோ கத்துகிறான்.

சுவிட்ச்.

பளீர்.
ஐயோ, ஷார்ட்டா?
விரல் இன்னும் சுவிட்சிலேயே.
பிறகு பல்பு மஞ்சளாகி, சிவந்து,
இழை மட்டும் தெரிந்து,
தானே குளிர்ந்தது.
விளக்கு மங்குவதைப் பார்த்து
யாராவது இப்படிக் கைதட்டுவார்களா!

கால்மணி கழித்து
டிரான்சிஸ்டர் ஒன்றைத் தொட்டாள்: இளஞ்சூடு.
அதன் ஜோடியைத் தொட்டாள்.
இன்னும் கொஞ்சம் கூடுதல்.

திரையை அணைத்துவிட்டு
மறுபடி தொட்டாள்.